ஒன்று புள்ளி மூன்று

கால் அலைக்கு நூற்று மூன்று அங்குலம் என்றது கணக்கு.
நூற்றாறு வெட்டினேன்.
நீண்டதைக் குறைக்கலாம்,
குறைந்ததை யார் நீட்டுவது?

செப்புக்குழாய் நிமிர்ந்து நிற்க
அடியில் நான்கு கம்பிகள்,
துணி கிழிந்த குடைபோல.
எல்லை வேலிக்கு வாங்கி நடாமல் விட்ட இரும்புக்குழாய்தான் கம்பம்.
டகோட்டாவின் அக்டோபர். ஸ்பேனர் விரலைக் கடித்தது.

சி.பி. ரேடியோவும் மீட்டரும் சமையலறையில்.
ஆர்டித் ஜன்னல் வழியே கத்துகிறாள்:
"நாற்பதாம் சேனலில் இரண்டரை! முதலாவதில் ஒன்று எட்டு!"
அப்படியானால் இன்னும் நீளம்.
இறக்கு, அரை அங்குலம் அறு, ஏற்று.
"தள்ளிப் போ, நீ பக்கத்தில் நின்றால் முள் ஆடுகிறது!"
முப்பத்தொரு வருஷத்தில்
இதை அவள் காரணத்தோடு சொன்னது இன்றுதான்.
டிராக்டர் வரை நடந்தேன்.
திரும்பி வந்து அறுத்தேன்.
மறுபடி டிராக்டர்.
ஆறாவது வெட்டுக்குப் பிறகு அவள் கத்தவில்லை.
கண்ணாடியில் ஒரு விரல் காட்டினாள்,
பிறகு மூன்று.

இரவு, பத்தொன்பதாம் சேனல்.
லாரிக்காரர் எவருமில்லை.
சோளம் பொரிவதுபோல் இரைச்சல் மட்டும்.
யாராவது இருக்கிறீர்களா என்றேன், இரண்டு தடவை.

பக்கத்து நாற்காலியிலிருந்து பேசுவதுபோல் வந்தது
அந்த வேலிக்காக நான்கு வருஷமாய்
முகம் கொடுக்காத மெர்ல் ஸ்வென்ஸ்ருட்டின் குரல்:

"இருக்கேன்.
உன் கம்பம் மேற்கே சாயுது.
காலையிலேர்ந்து பாத்துக்கிட்டிருக்கேன்."

ஆர்டித் கரண்டியைக் கீழே வைத்தாள்.
நான் மைக்கை அழுத்தி
எவ்வளவு என்று கேட்டேன்.