ஒண்டும் செய்யேல்லை

பத்தொன்பது வருடமாக என் முதல் கேள்வி ஒன்றுதான்:
எந்தப் பல்லு?
கன்னத்தைப் பொத்திய கை விலகும்.
விரல் ஒன்று உள்ளே போய்க் காட்டும்,
சிலநேரம் பிழையான பல்லை.

கராம்பு வைத்து, உப்புத்தண்ணீர் கொப்பளித்து,
பனடோலில் மூன்று கிழமை ஓட்டி,
பல்லைக் கடித்துக்கொண்டிருந்து
கடிக்க முடியாமல் போனபிறகுதான் வருவார்கள்.
குருநகரும் பாசையூரும் நாவாந்துறையும்
ஒரே வாங்கில் நெருக்கியடித்து.
எவர்சில்வர் தட்டில் கொடுப்புப்பல் விழும் சத்தத்துக்கு
வெளியே கதை நிற்கும்.

குறை சொல்ல எனக்கு வாயில்லை.
பனங்கட்டியைக் கடித்துக் கடித்துத்
தேத்தண்ணி குடித்து வளர்ந்த வாய்தான் எனதும்.
தொண்ணூற்றைந்தில், இடம்பெயர்ந்திருந்த
சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்து மேசையொன்றில்
விறைப்பூசி இல்லாமல் போனது என் ஒரு சூத்தைப்பல்.
அந்த இடைவெளிக்கு நாக்கு இன்னும் போய்வருகிறது,
பூட்டிக்கிடக்கும் வீட்டை எட்டிப் பார்ப்பதுபோல.

இந்தச் செவ்வாய் வந்தவள் பெயர் யூடித் ஸ்ரெலா.
இடுப்பில் ஒரு வயதுப் பெட்டை,
முன்னால் நாலு பல், அரிசி மாதிரி.

என்ன செய்யுது?
ஒண்டும் செய்யேல்லை.
பிறகேன் கொண்டுவந்தனீங்கள்?
ஒண்டும் செய்யாதபடியாத்தான், டொக்டர்.
மூத்தவன்ர ஆறு பல்லு நீங்கள்தான் புடுங்கினது.
சீனி போட்ட பால்போத்தலை
வாயில வைச்சுத்தான் நித்திரையாக்கிறனான்.
அது கூடாதெண்டு ஆரும் சொல்லேல்லை.

ஆரும்.
அந்த ஆருக்குள் நானும் நின்றேன்.
ஆறையும் எண்ணித் தட்டில் போட்டவன்,
போத்தலைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.
வெளியே நாற்பது நம்பர் இருந்தது.

குறடுகளை ஒருபக்கம் தள்ளினேன்.
பூச்சுமருந்து அலுமாரியின் பின்தட்டில் கிடந்தது,
திகதி முடிய இரண்டே மாதம்.
சின்னத் தூரிகை. நாலு பல்.
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
பெட்டை என் விரலைக் கடித்தாள்.
நல்ல கடி.
கதவடியில் நின்ற தகப்பன், காலில் கடல்மண் காயாமல்,
'போட்டுக்கு அடியில பூசுறமாதிரி' என்று
கொடுப்புக்குள் சிரித்தான்.

பற்பசை எவ்வளவு வைக்கிறது என்று அவள் கேட்டாள்.
அரிசியளவு என்றேன்.

பதிவுப்புத்தகத்தில் 'வருத்தம்' என்ற கட்டத்துக்குள்
என்ன எழுத?
தாதி பேனையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஒரு கோடு இழுக்கச் சொன்னேன்.

அடுத்த நம்பர் உள்ளே வந்தது,
கன்னத்தைப் பொத்தியபடி.