நோட்டில் ஒரு கட்டம்

காலை நான்கு ஐம்பது.
வூட்ச் நகரத்து டிராம் பணிமனை வாசலில்
இன்னும் யாரும் மிதிக்காத பனி.
என் தலை தெரிந்ததுமே செஸ்வாவா
காகிதப் பையில் இரண்டு பன் போட்டுவிடுகிறாள்.
பதினோரு வருடமாக இரண்டு.
உள்ளே இனித்த பாலாடை, மேலே சர்க்கரைப் பொருக்கு.
இன்று நான் கையை நீட்டவில்லை.
"உடம்பு சரியில்லையா?" என்கிறாள்.
சரியாக்கத்தான் போகிறேன் என்பதை
அந்தச் சின்னச் சன்னல் வழியாக எப்படிச் சொல்ல?

வயிற்றை வெட்டி
ஒரு வாழைப்பழம் அளவுக்கு மிச்சம் வைப்பார்களாம்.
அதற்கு முன்னால் கல்லீரல் இளைக்க வேண்டும்.
கல்லீரல் இளைக்க ரொட்டி போக வேண்டும்.
ரொட்டியோடு கிழங்கு,
கிழங்கோடு மாவுருண்டை,
மாவுருண்டையோடு
வெள்ளிக்கிழமைகள் மொத்தமும்.

உணவு ஆலோசகன் கிராச்யன், மீசை அரும்பிய பையன்.
"வாயில் போவதை எல்லாம் எழுதுங்கள்" என்று
ஒரு நோட்டு தந்தான்.
முதல் மாதம் அதில் ஒரு கன்னியாஸ்திரீ வாழ்ந்தாள்.
வெள்ளரி. தயிர். வேகவைத்த கோழி. மறுபடி வெள்ளரி.
எடைமேடை அவளை நம்பவில்லை.
"இந்தம்மாவை எனக்குத் தெரியாது," என்றான்,
"அடுத்த முறை உங்களைக் கூட்டிவாருங்கள்."
ஆபரேஷன் ஆறு வாரம் தள்ளிப்போனது.

செவ்வாய். இரவு பதினொன்று நாற்பது.
நின்றுகொண்டு, ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில்.
நேற்றைய கிழங்கு நான்கு, வெண்ணெயோடு.
எழுதியபின் நான்கை ஐந்தாகத் திருத்தினேன்.
பசி? என்று ஓரத்தில் ஒரு கட்டம்.
இல்லை என்று நிரப்பினேன்.
பிறகு வெகுநேரம்
அந்த இல்லையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கிழங்கில்லாமல் அது சாப்பாடா, தொட்டுக்கையா?"
என்கிறான் லெஷெக்.
தனக்கு மட்டும் வேகவைத்துக்கொள்கிறான்.
ஆவியில் சன்னல் மங்குகிறது.
நான் கோட்டை மாட்டிக்கொண்டு பால்கனிக்குப் போகிறேன்,
ஏதோ புகைபிடிக்கப் போகிறவளைப் போல.

முதலில் புரதம். அடுத்தது காய்.
மாவு கடைசியில், இடமிருந்தால்.
இடம் எனக்கு எப்போதும் இருந்தது,
அதுதானே வியாதி.
சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது.
ஒரு வாய்க்கு இருபத்தைந்து மெல்லல்.
கடைசி நிறுத்தத்தில் ஒன்பது நிமிட இடைவேளை,
ஒரு முட்டைக்கே எட்டு நிமிடம் போய்விடுகிறது.
முன்பு இதே ஒன்பதில்
இரண்டு பன், ஒரு காப்பி,
போனில் அக்காவோடு ஒரு சண்டை.

நான்காம் நாள் தலை பிளந்தது. கை நடுங்கியது.
ஓடிவந்த கிழவரைக் கண்ணாடியில் பார்த்தும்
கதவைச் சாத்திவிட்டேன்.
இதை நோட்டில் எழுதக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

ஓட்டுநர் இருக்கையின் நெம்பு
எட்டு வருடமாகக் கடைசிப் பல்லில் நிற்கிறது.
நேற்று ஒரு பல் முன்னே வந்தேன்.
பிரேக் மிதி புதுசாய்த் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை லெஷெக்குக்கு ரொட்டி அறுத்தேன்.
அடிப்பக்கத்தில் கத்திமுனையால் சிலுவை கீறி,
அம்மா செய்ததைப் போலவே.
ஒரு துண்டு நழுவித் தரையில் விழுந்தது.
விழுந்த ரொட்டியை எடுத்து முத்தமிட வேண்டும்,
எங்கள் பக்கத்தில் குடிகாரன்கூட அதை மறக்கமாட்டான்.
குனிந்தேன்
(குனிய முடிந்ததே என்பது பிறகுதான் உறைத்தது)
எடுத்து உதட்டில் வைத்தேன்.
கம்பு மாவின் புளிப்பு. ஓட்டின் கருகல்.
நாக்கு வாசல்வரை வந்து நின்றது.
லெஷெக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

எத்தனை நேரம் என்று தெரியவில்லை.
சன்னலைத் திறந்து விளிம்பில் வைத்தேன்,
புறாவோ காக்கையோ, வந்தவருக்கு.

ஞாயிறு. காலை ஒன்பது ஐந்து.
ரொட்டி, ஒரு முத்தம்.
பசி?
ஆம்.