இடது காது

பெரம்பூரில் டாக்டர் தயாபரன்
கருவியைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார்:
காதுக்குள் தண்ணீர் எதுவுமில்லை,
சவ்வுக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது.
மூக்கைப் பிடித்து ஊத வேண்டிய நேரத்தில்
என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

திருக்கை, என்றேன்.
கடித்ததா, என்றார்.
டோக்கன் நாற்பத்தொன்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்தது.
பத்து நாளைக்கு மாத்திரை,
தலைக்குக் குளிக்கக் கூடாது.

ஆறு நாளில் நான்கு தீவுகள்.
ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளிவாசல்,
ஒரு கால்பந்துத் திடல்,
காலையில் ரொட்டியும் மாசியும் தேங்காயும்.
முப்பத்தெட்டு வயதில் மெரினா நீச்சல் குளத்தில்
பள்ளிப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று
குளோரின் குடித்துக் கற்றதை
உப்பில் போட்டுப் பார்க்கப் போயிருந்தேன்.

மூன்றாம் தீவுக்கும் நான்காம் தீவுக்கும் இடையில்
நஸீம் எஞ்சினை நிறுத்தினான்.
தொடக் கூடாது. துரத்தக் கூடாது.
சும்மா இருங்கள், அதுவே வரும்.
சும்மா இருக்க
எனக்கு இருபது நிமிடம் ஆனது.

முதலில் நீலம் ஓரிடத்தில் கெட்டிப்பட்டது.
பிறகு அதற்கு ஓரங்கள் இருந்தன.
எங்கள் வீட்டுக் கூடத்தைவிட அகலம்.
வாயைத் திறந்தபடி
எதையும் கடிக்காமல்
கடலை வடிகட்டிக்கொண்டே வந்து
எனக்குக் கீழே புரண்டு
வயிற்றைக் காட்டியது.
வெள்ளையில் கறுப்புப் புள்ளிகள்;
ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இராதாம்.
இதற்குச் செவுள்களின் நடுவே ஏழு,
யாரோ பேனாவை உதறியதுபோல் கோணலாக.
எட்டாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான்
கீழே போனேன், டாக்டர்.

இப்போது சென்னை வலப்பக்கம் மட்டும் இருக்கிறது.
அலுவலகத்தில் கோபாலரத்னம் சார்
இடப்பக்கம் நின்று திட்டும்போது
வாய் திறக்கிறது, மூடுகிறது,
பாவம், வடிகட்ட ஒன்றுமில்லாமல்.

ஞாயிறு விடியலில் காசிமேடு.
சங்கரா வாங்கப் போன என்னைத் தாண்டி
மூன்று பேர் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள்.
ஈரத் தரையில் கறுப்பாய், கவிழ்ந்து.
இறக்கை நுனி மடிந்து
ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கூடவே இழுத்தது.

ஆனைத் திருக்கை, என்றாள் பூங்காவனம்.
நான் வலது காதைத் திருப்பினேன்.
வலைல அதுவா வந்து மாட்டிக்கிச்சு.
கறிக்கு இன்னா வரும்? செவுளுதான் காசு.
காய வெச்சு எங்கியோ அனுப்பிடுவானுங்க.

நான் இதை உயிரோடு பார்த்தேன், என்றேன்.
இதோடு நீந்தினேன்.

கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.
முப்பது வருசமா அறுக்கிறேன்.
எப்டி நீந்தும் அது?

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு
இரண்டு கைகளையும் விரித்தேன்.
தோளிலிருந்து தொடங்கி
மெதுவாக, விரல் நுனி கடைசியில் வருமாறு.
செதில் ஒட்டிய சேற்றில்,
ஏலம் கேட்பவர்களுக்கு நடுவில்.
யாரோ சிரித்திருக்க வேண்டும்,
இடப்பக்கமாக.
பூங்காவனம் சிரிக்கவில்லை.
இன்னொரு தபா, என்றாள்.

காட்டினேன்.

பொரட்டிப் போடச் சொல்லட்டா,
அடியப் பாக்கிறியா?
ஏழு.
கோணலாக.
வேண்டாம், என்றேன்.
சங்கராவை அறுத்துக் கொடுத்தாள்.
மீதிச் சில்லறை வாங்க மறந்து
பாலம் வரை நடந்துவிட்டேன்.

பதினோராம் நாள் 29சி-யில்,
டவுட்டன் நிறுத்தத்தில், ஒரு கொட்டாவி.
டொப்பென்று திறந்துகொண்டது.
கண்டக்டர் விசில், கம்பியின் கிறீச்சு,
பின்சீட்டில் யாருடைய வீட்டு வாடகைச் சண்டையோ,
எல்லாம் ஒரே தள்ளாக உள்ளே.

மூக்கைப் பிடித்துக்கொண்டு
எச்சிலை விழுங்கிப் பார்த்தேன்,
மறுபடி அடைத்துக்கொள்ளுமா என்று.
இரண்டு முறை.
மூன்றாவது முறைக்கு
பக்கத்து சீட்டுப் பெண்
ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.