பத்து மாத அட்வான்ஸ்

காலி செய்யும்போது ஒரு மாத வாடகை
பெயின்டிங்குக்குப் பிடித்துக்கொள்வார்.
அக்ரிமென்டில் எட்டாவது வரி.
பால்கனியின் மரத்தளம் அதில் சேருமா என்பது
எழுதியவருக்கும் தெரியாது,
கையெழுத்துப் போட்ட எங்களுக்கும்.

செல்வின் லாரிக்குப் பின்னாலேயே புனே போய்விட்டான்.
எனக்கு ஒரு ஞாயிறும்
பேசினால் எதிரொலிக்கிற மூன்று அறைகளும் மிச்சம்.

கம்மனஹள்ளிக் கடைக்காரர் கேட்டார்:
வால்நட்டா, தேக்கா, ரோஸ்வுட்டா?
என்ன மரம் என்று கேட்கவில்லை.
பைன் என்று நானாகவே சொன்னேன்.
"இருக்கட்டுமே, மேல எது பூசுறீங்களோ அதுதான் மரம்."
லிட்டர் அறுநூற்று எண்பது.
வாழ்நாளில் முதல் முறையாகக்
காசு கொடுத்துக் கறை வாங்கினேன்.

காலை ஏழுக்கு உப்புத்தாள்,
முழங்காலுக்கடியில் ஒரு பழைய தலையணை.
ஐந்து வருஷத்து வெயிலும் மழையும்
சாம்பல் தூளாகி மூக்குக்குள் ஏறின.
அடியில் உரித்த பனங்கிழங்கின் நிறத்தில்
யாரோ புதிதாக ஒருவர் படுத்திருந்தார்.

ரேகையோடு போக வேண்டும் பிரஷ்.
தொடங்கிய பலகையைப் பாதியில் விட்டுத்
தண்ணீர் குடிக்கப் போனால்
போனது தெரியும்.
செல்வினின் பனியனைக் கிழித்து
மிஞ்சிய ஈரத்தைத் துடைத்துக்கொண்டே போனேன்.

பதினெட்டாவது பலகை முடிந்ததும்
நிமிர்ந்தேன்.
கதவு அந்தப் பக்கம்.
போன் கதவுக்கு உள்ளே.
நடுவில் ஏழடி ஈரம்.
என் காலடியில் மூன்று பலகை, பின்னால் கைப்பிடிக் கம்பி.
பிறர் எழுதிய மென்பொருளில்
பிழை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

காய நான்கு மணி நேரம் என்று
டப்பாவில் போட்டிருந்தது.
டப்பா என் பக்கம்தான் இருந்தது.

எதிர்மாடியில் பெட்ஷீட் உலர்த்தியவளைப் பார்த்துக்
கையை வீசினேன்.
ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக
அவளும் வீசினாள்.
சிரித்துவிட்டு உள்ளே போனாள்.
ஹெப்பாள் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது,
மே மாதம் இங்கே அப்படித்தான்.

வேறு வேலை இல்லாததால்
மூலையில் எலுமிச்சைத் தொட்டி இருந்த இடத்தைப் பார்த்தேன்.
வட்டமாய், அடர்த்தியாய்.
காலையில் அதைத்தான் அதிகம் தேய்த்தேன்,
தோள்பட்டை இன்னும் வலிக்கிறது,
போகவில்லை.
தொட்டி மறைத்ததால் வெயில் தொடாத இடம்.
சாவி வாங்கிய அன்று
தளம் முழுவதும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்,
எனக்குத்தான் ஞாபகமில்லை.

ஐந்தரைக்கு வர வேண்டிய திப்பேசாமி சார்
மூன்றுக்கே வந்தார்.
அவரிடம் எப்போதும் ஒரு சாவி உண்டு.
மேடம், மேடம் என்று
ஒவ்வொரு அறையாகத் தேடி
கதவில் தலை நீட்டினார்.
"சூப்பராகிதே!"
நில்லுங்க என்று தமிழில் கத்தினேன்.
"பேடா" அரை நொடி தாமதமாய் வந்தது.
அதற்குள் மூன்று எட்டு.
செருப்போடு.

இருவரும் குனிந்து பார்த்தோம்.
பேச்சை மாற்ற, அவர் மூலையைக் காட்டி
அதென்ன கறை என்றார்.
"அது ஒன்றுதான் சார் கறை இல்லை.
நீங்கள் கொடுத்த நிறம்."
புரிந்ததோ என்னவோ, தலையாட்டினார்.

சட்டைப் பையிலிருந்து செக்கை எடுத்தார்.
ஒன்பது மாதத்துக்கு
வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

மூன்று பலகையை அப்படியே விட்டேன்.
அவர் வைத்த தடங்களிலேயே கால் வைத்து
வெளியே வந்தேன்.
எட்டாத இடத்தில் மட்டும்
ஒன்று சொந்தமாக வைக்க வேண்டியிருந்தது.

மழை வரவில்லை.
அவர் இறங்கிப் போன பிறகு பார்த்தேன்:
வால்நட் நிறத்தில் வலது, இடது, வலது,
மங்கி மங்கி இரண்டாம் மாடி வரை.
படிக்கட்டு, நான் வாசித்த வரையில்,
அக்ரிமென்டில் இல்லை.