நாலாம் கூண்டு

எலிகளுக்கு ஊற்றிக் கொடுப்பவர் சடையாண்டி.
நூறில் ஆறு பங்கு சாராயம், மிச்சம் தண்ணீர்,
மூன்று வாரம், தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு.
அளவுக்குழாயைக் கண் மட்டத்துக்கு உயர்த்தும்போது
காலையில் கை நடுங்கும்.
பத்து மணிக்கு மேல் நடுங்காது.
ஏனென்று நான் கேட்டதில்லை.
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே நாகமலை படுத்திருக்கும்.
உள்ளே என் நுண்ணோக்கியில் ஈரல் செல்.

அது கருமி அல்ல.
பயத்தில் அட்ரினலின் வந்து கதவைத் தட்டினால்
உள்ளே ஒன்றை ஒன்று உசுப்பி
வாசல் திறந்து
மக்னீசியத்தை வெளியே விட்டுவிடும்.
போனது திரும்பி வர
இன்சுலின் தட்ட வேண்டும்,
வேறொரு ஆள் எழுந்திருக்க வேண்டும்.
கைனேஸ் சி என்று பெயர்.
எங்கள் கண்மாய் நீர்பாய்ச்சி மாதிரி.
நடுவில் சும்மா கிடப்பவன்
கூப்பிட்ட குரலுக்குக் கரைவரை நடந்து
மடையில் கை வைப்பான்.

பச்சைச் சாயம் ஏற்றிப் பார்த்தேன்.
குடிக்காத எலியின் செல்லில்
பச்சை முழுக்க ஓரத்துக்குப் போய்
தோசையைச் சுற்றிய எண்ணெய்போல் வளையமிட்டது.
குடித்த எலியின் செல்லில்
இன்சுலின் தட்டியது,
தட்டியது,
பச்சை நடுவிலேயே கலங்கிக் கிடந்தது.
ஆள் இருக்கிறான்.
சுவர்வரை நடக்கவில்லை, அவ்வளவுதான்.
இந்த ஒரு வரிக்கு
நான்கு வருடம், அறுபத்தெட்டு எலி.

சித்திரையில் ஒரு வியாழக்கிழமை
கூண்டு கழுவும் தொட்டியருகே விழுந்தார்.
வலிப்பு.
செக்கானூரணி போகும் ஷேர் ஆட்டோவை மறித்துத் திருப்பி
பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

சீட்டில் மக்னீசியம் ஒன்று புள்ளி ஒன்று.
தலைக்கு மேல் சொட்டியது
என் அலமாரியில் இருக்கும் அதே உப்பு.
எப்போ கடைசியாக் குடிச்சார் என்றார் டாக்டர்.
கூடையை மடியில் வைத்திருந்த ஒச்சம்மாள் சொன்னாள்:
“செவ்வாக்கெழம ராத்திரி.
நாளைக்கு நாலாம் கூண்டுக்கு வெறுந்தண்ணி மாத்துறோம்,
நானும் அதுங்களோட சேந்து நிறுத்திப் பாக்குறேன்னாரு.”

நான் தரையைப் பார்த்தேன்.
கூண்டுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கியவள் நான்.
அவருக்கு யார் வாங்குவது.

“இப்படி ஏத்துனா உள்ள நிக்குமா மேடம்?”
பதில் என்னிடம் படமாகவே இருந்தது.
“கொஞ்ச நாள் ஆகும்” என்றேன்.

பன்னிரண்டாம் நாள் சாயம் ஏற்றினேன்.
இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்தேன்.
ஓரத்தில் பச்சை.
முழுசாக இல்லை,
அங்கங்கே அறுந்து,
மழைக்குப் பிறகு வைகையில் தேங்கிய நீர்த் துண்டுகள்போல.
ஆனாலும் ஓரத்தில்.
கரைசலில் இருந்த மக்னீசியம்
கொஞ்சம் குறைந்திருந்தது.
உள்ளே போயிருந்தது.

அன்று மாலையே வார்டுக்குப் போனேன்.
எழுந்து உட்கார்ந்திருந்தார்.
“ஆள் நடந்துட்டான் சடையாண்டி,
சுவருக்குப் போயிட்டான்” என்றேன்.
எவன் என்று கேட்கவில்லை.
நான்கு வருடமாய் என் புலம்பலைக் கேட்டவர்.

“எந்தக் கூண்டு?”

“நாலு.”

மின்விசிறி ஒரு சுற்று சுற்றியது.
ஈரலைப் பார்க்க எலியை எப்படித் திறப்போம் என்று
அவருக்குத் தெரியும்.
பிறகு வருவதை மஞ்சள் பையில் கட்டி
வாய் முடிச்சுப் போடுகிறவர் அவர்தான்.

“மூணுமா?”

“மூணும்.”

ஒச்சம்மாள் டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள்.
வாங்கி உடனே குடிக்கவில்லை.
கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்தார்.
விளிம்பில் நீர் லேசாக ஆடியது.
அது நிற்கும்வரை
நாங்கள் மூன்று பேரும்
அளவு பார்த்துக்கொண்டிருந்தோம்.