மொத்தக் கணக்கில் வரி இல்லை

முடிவை யாரும் சொல்லிவிடாதீர்கள்,
வீட்டில் பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது என்று
கைப்பேசியை இழுப்பறையில் பூட்டினான் ஒட்டாசிலியோ.
பெலோ ஒரிசோன்டேயில் இன்று
அத்லெதிகோவுக்கும் குருசெய்ரோவுக்கும் ஆட்டம்.
மைதானம் கூப்பிடு தூரம்.
ஆய்வகத்தின் கறுப்புத் திரைச்சீலைக்கு அப்பால்
அவ்வப்போது ஒரு கூச்சல்,
யாருடையது என்று தெரியாத கூச்சல்.

ஊதாக் கதிர் படிகத்தில் நுழைகிறது.
அபூர்வமாய் ஒரு துகள் இரட்டையாகி வெளிவரும்.
ஒன்றின் முன்னால் இரண்டு பிளவுகள்.
மற்றது சும்மா, சுவரோரமாய்.
பிளவுக்கொரு தகடு ஒட்டினாள் ஜுரேமா:
இவ்வழி வந்தால் ஒரு முத்திரை,
அவ்வழி வந்தால் வேறு.
முத்திரையை எவரும் படிக்கவில்லை.
படிக்க முடியும், அவ்வளவுதான்.
ஒளி, இருள், ஒளி என்று நின்ற வரிகள்
சலித்த மாவாய்ப் பரந்து போயின.

பிறகு, சுவரோரத்து இரட்டையின் பாதையில்
ஒரு வடிகட்டியைச் சாய்த்து வைத்தாள்.
இனித் தடம் கேட்டாலும் கிடைக்காது.
கணினியில் மெல்ல மெல்ல
வரிகள் எழும்பி வந்தன.
"நடந்ததை அழித்துவிட்டோம்!" ஒட்டாசிலியோ குதித்தான்.

"அளந்ததைச் சொல். கதை அளக்காதே."
வடிகட்டியைத் தொண்ணூறு பாகை திருப்பினாள்.
மறுபடியும் வரிகள்,
ஆனால் மேடிருந்த இடத்தில் பள்ளம்.
இரண்டையும் கூட்டினாள்:
சமவெளி.
முதலிலிருந்தே அங்கிருந்த அதே சமவெளி.
"எதையும் நாம் திருத்தவில்லை.
ஜோடி பார்த்துப் பிரித்தோம்,
பிரித்த பிறகுதான் தெரிகிறது."
அவன் வாதாடவில்லை. விளக்கை அணைத்தான்.

வெளியே மழை விட்டிருந்தது.
காதில் விரல், தரையில் கண்,
வாயில் ஏதோ முனகல்;
பேருந்து நிறுத்தம் வரை ஒட்டாசிலியோ அப்படியே நடந்தான்.
யாரும் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.
ஆனால் வாணப்புகையின் வாசம் சொல்லிற்று.
விற்காத தொப்பிகளைக் கட்டும் கிழவி,
எந்த நிறத்தை மூட்டைக்குள் திணிக்கிறாள் என்பது சொல்லிற்று.
சேற்றில் இழுபடும் ஒரு கொடி,
ஒலிப்பான் அடிக்காமல் ஊர்ந்துபோகும் கார்கள்,
இவற்றையெல்லாம் ஒன்றுவிடாமல் திரும்பப் பொறுக்கினாலன்றி
அவனுடைய ஆட்டம் இன்னும் முடியாததாகாது.

ஜுரேமாவின் சட்டைப்பையில் வடிகட்டி ஒன்று இருந்தது,
வட்டமாய், நாணயமளவு.
தொட்டுப் பார்த்துவிட்டு
அவள் பேசாமலிருந்தாள்.

பேருந்து வந்தது.
ஓட்டுநரின் இருக்கைக்குக் கீழே
சுருட்டி எறிந்த நீலச் சட்டை.
ஒட்டாசிலியோ காதிலிருந்து விரலை எடுத்தான்.