பத்தாயிரம் சுற்று

எர்மிந்தா ஸெபுல்வேதா கடைக்குள் வந்தபோது
மழை இல்லை. ஆனாலும் குடை வைத்திருந்தாள்.
குடைக்குள் ஒரு ஒலிவாங்கி.
வல்பரைசோவில் காற்று அப்படி.

இரண்டையும் எடுத்து மேசைமேல் வைத்தேன்.
ஒரே விலை, ஒரு பெசோகூட வித்தியாசமில்லை.
ஒன்று எஸ்.எஸ்.டி., எண்பது ஜிபி.
உள்ளே எதுவும் சுற்றாது. காதருகே குலுக்கினாலும் ஒன்றுமில்லை.
மற்றது ஹார்ட் டிஸ்க், முந்நூறு ஜிபி,
நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று.
கையில் செங்கல்போல் கனத்தது.

"வேகம்?" என்றாள்.
முதலாவது. பேச்சுக்கே இடமில்லை.
"இடம்?"
இரண்டாவது.
"என்னிடம் இருநூற்றுப் பத்து ஜிபி இருக்கிறது.
அத்தனையும் சத்தம்."

வானொலி நாடகங்களுக்கு ஓசை செய்கிறவள் அவள்.
துணி அலமாரிக்குள் நாற்காலி போட்டு
கோட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து
இரண்டு செருப்பைப் பலகையில் நடக்கவிட்டு
கொலைகாரனைப் படியேற்றுகிறவள்.
பழைய டிஸ்கின் ரீங்காரம்
ஒவ்வொரு மௌனத்திலும் வந்து விழுகிறதாம்.
"போன மாதம் ஒரு விதவை அழவேண்டிய இடத்தில்
அழுகைக்கு முன்னால் ஒரு கொசு."

நான் விற்பவன். எதையாவது சொல்லியாக வேண்டும்.
சுற்றுகிறது பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் கெடும், என்றேன்.
முனகும், தட்டும், ராத்திரியில் இருமும்.
வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.
இன்னொன்று சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.
காலையில் எழுந்து பார்த்தால்
இல்லை.
"என் முதல் கணவர் மாதிரி" என்றாள்.
நான் தலையைக் குனிந்துகொண்டேன்.
"சாகவில்லை. ஆன்டோஃபகாஸ்டாவில் இருக்கிறார்."

கேட்டுப் பார்க்கட்டும் என்று
சோதனை இயந்திரத்தில் டிஸ்கை மாட்டினேன்.
விசில் ஏறி ஏறி ஒரு சுரத்தில் நின்றது.
அப்போதுதான் தரை அசைந்தது.

பெரிதில்லை. இந்த ஊரில் யாரும்
அதற்காக சூப்புக் கரண்டியைக் கீழே வைக்க மாட்டார்கள்.
விளக்கு ஆடிற்று. சுவரில் தொங்கிய விசைப்பலகைகள் பல்லைக் கடித்தன.
ஃப்ரேசியா கல்லாப்பெட்டியைக் கட்டிக்கொண்டாள்.
உள்ளே, தகட்டுக்கு மேலே,
மயிரிழையைப் பல ஆயிரமாய்ப் பிளந்த உயரத்தில்
பறந்துகொண்டிருந்த முனை
ஒரு தடத்தைத் தவறவிட்டது.
டக்.
மூச்சு.
டக்.
பிறகு தேடிப் பிடித்து
ஓடிற்று.

நாங்கள் மூவரும் கூரையைப் பார்க்கவில்லை.
அதைத்தான் பார்த்தோம்.
பக்கத்தில் எஸ்.எஸ்.டி.
பெரியவர்கள் சண்டையைத் தூங்கிக் கழித்த பிள்ளைபோல்
அட்டைப்பெட்டியில் கிடந்தது.

எர்மிந்தா எதையும் வாங்காமல் போனாள்.

ஒன்பது நாள் கழித்து வந்தாள், கண் சிவந்து.
நாற்பது மழைகளில் மூன்றை வைத்துக்கொண்டாளாம்:
தகரத்தில் பெய்வது ஒன்று, கடலில் பெய்வது ஒன்று,
நின்ற பிறகு சொட்டுவது ஒன்று.
கதவுகளில் பதினேழு மிஞ்சின.
ரயில்கள் போயின. கைதட்டல்கள் எல்லாம் போயின,
"அதை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்."
நாய்களை அழிக்க மட்டும் மனம் வரவில்லை.
"எழுபத்தொன்றுக்கு வந்துவிட்டேன்.
எண்பதைக் கொடு."
விலையில் ஏதாவது குறையுமா என்று கேட்டாள்.
குறையாது என்றேன்.
நாணயங்கள் ஓசைப்படாமல் எண்ணி வைத்தாள்.
பழக்கம் போலிருக்கிறது.

பத்தாயிரம் சுற்று இன்னும் என் மேசையில்தான்.
இரண்டு தடவை விலைச்சீட்டை மாற்றியாயிற்று.

ஆகஸ்ட்டில் கடை சாத்தும் நேரம்.
ஃப்ரேசியாவின் வானொலியில் நாடகம்.
தெற்கே பனிக்கடலில் ஒரு சரக்குக் கப்பல்,
எஞ்சின் அறையில் தண்ணீர், மாலுமிகள் கத்துகிறார்கள்.
எஞ்சின், வேகம் குறைத்துத் தடிப்பாக்கிய குரலில்,
ஏறி ஏறி ஒரு சுரத்தில் நிற்கிறது.
டக்.
மூச்சு.
டக்.

ஃப்ரேசியா துடைப்பத்தை நிறுத்தினாள்.
நான் மேசையைப் பார்த்தேன்.
வயர் பிடுங்கிய டிஸ்க், மேலே தூசி.
அந்தக் குடை நினைவுக்கு வந்தது.

கப்பல் கரை சேர்ந்ததா, தெரியாது.
அதற்குள் சோப்பு விளம்பரம் வந்துவிட்டது.